பக்க அட்டவணையும் ஒரு பாடபேதமும்

ஐங்குறுநூற்றில் 129, 130 என்று இரண்டு எண்கள் உண்டு. அந்த எண்களுக்கு உரிய பாட்டுகள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. ஆனாலும் எஞ்சியவற்றை இரண்டாம் பத்து, மூன்றாம் பத்து என்றே எண்ணுகிறோம். இடம் இருக்கிறது, இடத்துக்கு உரியது இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் இதைச் சொல்லிவருகிறேன். கணிப்பொறியின் நினைவகமும் ஏறக்குறைய இந்த ஒழுங்கில்தான் இயங்குகிறது என்பதைச் சென்ற பொங்கல் விடுமுறையில்தான் அறிந்தேன். அறியவேண்டிய கட்டாயம் வந்து அறிந்தேன்.

எங்கள் துறையில் ஒரு கணிப்பொறி இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளம், 8 கிகாபைட் நினைவகம். யாரும் பொறாமைப்படத் தேவையில்லாத பொறி. சுற்றுவட்டாரத்து வீடுகளில் கெஞ்சி வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுத்துவிட்ட சுவடிகளின் படங்கள் ஏறத்தாழ 5,800 அதில் உள்ளன. ஏட்டைப் பார்த்து நாங்கள் தட்டச்சு செய்த பாடங்களும் அதிலேதான். அவற்றுள் ஒரு வைத்தியச் சுவடி அச்சுக்குப் போகும் நிலையில் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பொறி காரணமின்றி நின்றுபோகத் தொடங்கிற்று. ஒருநாள் படத்தைத் திறக்கும்போது, ஒருநாள் கோப்பைப் படியெடுக்கும்போது, ஒருநாள் யாருமே தொடாதபோது. பழுதுபார்க்க வந்தவர் வைரஸ் என்றார். மின்பணியாளர் மின்னழுத்தம் என்றார். துறையின் மூத்த பேராசிரியர் தூசி என்றார். மூவரும் உறுதியாகவே சொன்னார்கள்.

பகுதி ஒன்று தமிழை என்னிடம் படித்த கணினி அறிவியல் மாணவர் ஒருவர் இப்போது பெங்களூரில் கெர்னலுக்கு நிரல் எழுதுகிறார். கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. நினைவகத்தையும் செயலியையும் வட்டையும் எந்த நிரலுக்கு எவ்வளவு என்று பங்கிட்டுத் தருவது அதுதான். தீபாவளிக்கு ஊர் வந்தவர் எங்கள் பொறியில் ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். நினைவகத்தின் ஒரு சிறு பகுதியை முன்கூட்டியே ஒதுக்கி, அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்றை உறங்கவைப்பது. முதற் கெர்னல் விழுந்தால் உறங்கியது எழும். விழுந்ததன் நினைவகத்தை அப்படியே ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டுப் பொறியை மறுபடி தொடங்கும். இந்தக் கோப்புக்கு எங்கள் துறை வழக்கில் 'படி' என்று பெயரிட்டேன். அவருக்கும் பிடித்திருந்தது. பொங்கலுக்குள் இரண்டு படிகள் சேர்ந்திருந்தன.

அவற்றை அவர் படித்த விதத்தைச் சொல்வதற்கு முன், எதைப் படித்தார் என்று சொல்லவேண்டும்.

ஒரு நிரல் 'இந்த முகவரியில் உள்ளதைக் கொடு' என்று கேட்கும்போது அது சொல்லும் முகவரி நினைவகத்தின் உண்மையான இடம் அன்று. அது மெய்நிகர் முகவரி. ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு பரந்த வெளி இருப்பதாகவே எண்ணிக்கொண்டு இயங்குகிறது. நினைவகத்தில் அதன் துண்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கின்றன. நினைவகம் 4,096 பைட் அளவுள்ள சட்டகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் எந்தச் சட்டகத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வது பக்க அட்டவணை. சுவடிக்கட்டு அவிழ்ந்து ஏடுகள் கலைந்தபின்னும் ஒருவர் கையில் மட்டும் இலக்கங்கள் எழுதிய ஓலை இருப்பதைப் போல.

யாப்பு வகுப்பில் அடியைச் சீர் பிரிப்பது போல முகவரியையும் பிரிக்கிறார்கள். நம் மேசைப்பொறிகளில் வழக்கமான 48 பிட் முகவரி 9, 9, 9, 9, 12 என்று பிரியும். ஒன்பது பிட்டால் 512 வரிகளுள் ஒன்றைச் சுட்டலாம். முதல் ஒன்பது பிட் மேலட்டவணையில் ஒரு வரியைக் காட்டும். அந்த வரி அடுத்த அட்டவணை எங்கே என்று சொல்லும். இப்படி நான்கு படி இறங்கினால் சட்டகம் கிடைக்கும். கடைசிப் பன்னிரண்டு பிட் சட்டகத்துக்குள் எத்தனையாவது பைட் என்பது. மேலட்டவணை இருக்கும் இடத்தைச் செயலி தன்னுள்ளேயே ஒரு பதிவகத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியும் எட்டு பைட். 512 வரிகள் சேர்ந்தால் சரியாக 4,096. அதாவது அட்டவணையும் ஒரு சட்டகத்தில்தான் குடியிருக்கிறது. அட்டவணைக்குத் தனி மாளிகை கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வரியில் சட்டக எண்ணோடு சில குறிகளும் உண்டு. எழுதலாமா கூடாதா, கெர்னலுக்கு மட்டுமா எல்லோருக்குமா, இப்படி. அவற்றுள் முதலாவது, பக்கம் இருக்கிறதா இல்லையா என்பது. 'இல்லை' என்றால் அதிலும் இரண்டு வகை. நினைவகத்தில் இடம் போதாமல் வட்டுக்கு அனுப்பப்பட்ட பக்கம் ஒன்று. அப்போது வட்டில் எந்த இடம் என்பதை லினக்ஸ் அதே வரியில் மற்றப் பிட்டுகளில் குறித்துவைக்கும். கேட்டால் போய் எடுத்துவரலாம். மற்றொன்று எந்தக் குறிப்பும் இல்லாத வெற்று வரி. ஐங்குறுநூற்றின் 129 இரண்டாம் வகை.

நிரலின் முகவரியையும் நினைவகத்தின் முகவரியையும் இப்படிப் பிரித்துவைக்கும் எண்ணம் மான்செஸ்டரில் டாம் கில்பர்னும் அவருடைய குழுவினரும் கட்டிய அட்லஸ் கணிப்பொறியோடு வந்தது. 1962 டிசம்பரில் அது பயன்பாட்டுக்கு வந்தபோது முதன்மை நினைவகம் 16,384 சொற்கள். ஒரு பக்கத்துக்கு 512 சொற்கள். ஆக 32 பக்கங்கள். மற்றவை சுழலும் உருளையில். நிரல் எழுதுபவர் அந்த வேறுபாட்டை அறியவேண்டியதில்லை என்பதுதான் அவர்களுடைய சாதனை. இன்று வரை யாரும் அறியாமல்தான் இருக்கிறோம், பொறி விழும் வரை.

மாணவர் முதற் படியைத் திறந்தார். கெர்னல் விழுமுன் எழுதிய கடைசி வாசகம் 'பக்க அட்டவணை கெட்டிருக்கிறது' என்ற பொருளில் இருந்தது. எந்த முகவரியைத் தேடும்போது விழுந்தது என்பதும் இருந்தது. அந்த முகவரியை ஒரு கருவியிடம் கொடுத்தால் செயலி நடந்த வழியே தானும் நடந்து, நான்கு படிகளிலும் எந்த வரியில் என்ன எழுதியிருந்தது என்று காட்டும். முதல் மூன்றும் ஒழுங்காக இருந்தன. நான்காம் அட்டவணையின் 211-ஆம் வரி மட்டும் இரண்டு டெராபைட்டுக்கும் அப்பால் உள்ள ஒரு சட்டகத்தைச் சுட்டியது. பொறியில் இருப்பதோ 8 கிகாபைட். அந்தச் செயலி 39 பிட்டுக்கு மேல் மெய் முகவரியை ஏற்காது. எனவே மேலே உள்ள அந்தப் பிட்டுகள் வெறுமையாக இருக்கவேண்டியவை. வெறுமையாக இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது. 41-ஆம் பிட்.

அவர் அக்கம்பக்கத்து வரிகளை வரிசையாகக் காட்டினார். 210, 212 எல்லாம் முறையாக இருந்தன. கெட்ட வரியில் அந்த ஒரு பிட்டை மட்டும் சுழியாக்கிப் பார்த்தால் அதுவும் முறையான வரியாகிவிட்டது. ஓர் எழுத்துத் திரிந்த பாடத்தைத் திருத்தும்போது வரும் நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கு அந்த முகம் பழக்கமானதுதான்.

"அப்ப கெர்னல்ல பிழையாப்பா?" என்று கேட்டேன்.

"அவசரப்படக் கூடாதுங்க ஐயா. அலறின இடம் இது. அடிபட்ட இடம் எதுன்னு இன்னும் தெரியல."

இரண்டாம் படியில் அலறல் வேறிடத்தில் இருந்தது. பக்க அட்டவணைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கெர்னல் தன் உள்வேலைக்காக வைத்திருக்கும் சங்கிலிப் பட்டியல் ஒன்றில் ஒரு கண்ணி அடுத்த கண்ணியைத் தவறாகச் சுட்டியிருந்தது. இரண்டு விழுக்காடுகளின் முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். 'எஃப்' என்ற இலக்கம் நான்கு முறை தலையில் வருவது தவிர ஒற்றுமை எதுவும் இல்லை. இருக்காது என்றார் அவர். கெர்னலின் முகவரிகள் எல்லாமே அப்படித்தான் தொடங்கும். போதாக்குறைக்கு, இப்போதைய கெர்னல்கள் ஒவ்வொரு முறை எழும்போதும் தம் முகவரிகளை வேண்டுமென்றே இடம் மாற்றிக்கொள்கின்றன, தாக்குபவர்கள் ஊகிக்கக் கூடாதென்று. ஆகவே மெய்நிகர் முகவரிகளை ஒப்பிடுவதில் பயனில்லை. இரண்டையும் அட்டவணை வழியே மெய் முகவரிக்கு இறக்கவேண்டும்.

இறக்கினார். கெட்ட கண்ணி ஒரு சட்டகத்தின் 1,688-ஆம் பைட்டில் தொடங்கியது. முதற் படியில் கெட்ட 211-ஆம் வரி, எட்டு எட்டாக எண்ணினால், தான் இருந்த சட்டகத்தின் 1,688-ஆம் பைட்டில் தொடங்கியது. சட்டக எண்ணைப் பார்த்தோம். ஒரே சட்டகம். கண்ணியிலும் கெட்டிருந்தது 41-ஆம் பிட்டே.

ஒருநாள் அந்தச் சட்டகத்தில் பக்க அட்டவணை குடியிருந்தது. இன்னொருநாள் ஒரு சங்கிலிப் பட்டியல். குடியிருந்தவர்கள் மேல் குற்றமில்லை, வீட்டில் ஓட்டை. எட்டு பைட்டில் 41-ஆம் பிட் என்பது, கீழிருந்து எண்ணும் இந்தப் பொறிகளில், 1,693-ஆம் பைட்டுக்குள் 2 என்ற மதிப்புள்ள பிட். அது சுழியை ஏற்க மறுக்கிறது. எதை எழுதினாலும் ஒன்றாகவே நிற்கிறது. இரவு முழுவதும் நினைவகச் சோதனை நிரலை ஓடவிட்டோம். காலையில் திரையில் ஒரே ஒரு முகவரி, ஒரே ஒரு பிட். சோதனை நிரலைத் தொடக்கத்திலேயே ஓட்டியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். நினைவகம்தான் குற்றவாளி என்று தெரிந்தபின் சொல்வது எளிது. அதோடு, அது எந்த முகவரி என்று மட்டும் சொல்லும், அங்கே என்னென்ன குடியிருந்து கெட்டது என்று சொல்லாது.

சர்வர்களில் இத்தகைய ஒற்றைப் பிட் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் நினைவகம் போடுகிறார்கள். மேசைப்பொறிகளில் பெரும்பாலும் இல்லை. 20,97,152 சட்டகங்களுள் ஒன்றில், 32,768 பிட்டுகளுள் ஒன்று. அந்தச் சட்டகத்தை மட்டும் பயன்படுத்தாதே என்று கெர்னலுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வழி இருக்கிறது. அதைச் செய்துவிட்டு, மறுவாரம் ராமையும் மாற்றினோம். பொறி அதன்பின் விழவில்லை. பழுதுபார்ப்பவர்களைப் பொறுத்தவரை கதை இங்கே முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. கெர்னலின் கண்ணி கெட்டபோது பொறி விழுந்தது, அதனால் தெரிந்தது. அந்தச் சட்டகத்தில் எங்கள் சுவடிப் படம் குடியிருந்த நாளில் எது விழுந்திருக்கும்? ஒன்றும் விழாது. ஒரு பிட் மாறிய படம் அமைதியாக வட்டுக்குப் போயிருக்கும்.

மாணவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே வழி சொன்னார். கோப்புகளை எழுதும்போதும் படியெடுக்கும்போதும் கெர்னல் அவற்றை 4,096 பைட் துண்டுகளாகத்தான் நினைவகத்தில் வைக்கிறது. எனவே கோப்பு எவ்வளவு நீளமானாலும், அந்த ஓட்டை வீட்டில் தங்கியதால் கெட்ட பைட் எத்தனையாவது என்பதை 4,096-ஆல் வகுத்தால் மீதி 1,693 வரவேண்டும். வேறு மீதி வந்தால் காரணம் வேறு. ஸ்கேன் செய்த மடிக்கணினியில் மூலப் படங்கள் இருந்தன. ஒப்பிட்டோம். ஒன்பது படங்கள் ஒரே ஒரு பிட்டில் வேறுபட்டன. ஒன்பதிலும் மீதி 1,693.

படங்களால் கேடில்லை. 256 சாயல்களுள் இரண்டு கூடிய ஒரு புள்ளியை எந்தக் கண்ணும் காணாது. மூலத்திலிருந்து மாற்றியும் விட்டோம். தட்டச்சிட்ட பாடங்கள்தான் என் கவலை. ஒரு பிட் மாறினால் தமிழ் எழுத்து என்னவாகும்? யூனிகோடு அட்டவணையைத் திறந்துவைத்துக்கொண்டு, யூடிஎஃப்-8 குறிமுறையில் ஓர் எழுத்தின் மூன்றாம் பைட்டில் 2 கூடினால் என்ன வரும் என்று ஒரு மாலை முழுவதும் எழுதிப் பார்த்தேன். க, த, ன, மெய்ப்புள்ளி போன்றவை எழுத்தே இல்லாத வெற்றிடத்தில் போய் விழுகின்றன. திரையில் கட்டமாகத் தெரிந்துவிடும். வகரம் ஷகரமாகும், அதுவும் மறையாது. ஆனால் அகரம் இகரமாகிறது. ஈ ஊவாகிறது. ஐ ஒவாகிறது. நகரம் பகரம், ரகரம் லகரம், றகரம் ளகரம். ஈகார உயிர்க்குறி ஊகாரக் குறியாகிறது.

பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது இதுவாகும். நகை பகையாகும். நாடு பாடாகும். கரை கலையாகும். தீது தூதாகும். எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள். எந்தப் பிழைதிருத்தியும் இவற்றைப் பிடிக்காது.

ஏடெழுதியவரின் பிழைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. புள்ளி இடாத ஓலையில் மெய்யும் உயிர்மெய்யும் மயங்கும். எகர ஏகாரம் மயங்கும். ரகரமும் காலும் மயங்கும். வடிவம் ஒத்தவை மயங்கும், ஒலி ஒத்தவை மயங்கும். பதிப்பாசிரியர் அந்த வழக்கத்தை அறிந்துதான் திருத்துகிறார். நகரமும் பகரமும் ஓலையிலும் மயங்கா, வாயிலும் மயங்கா. இந்தப் பிழைக்கு ஏட்டுலகில் மரபே இல்லை. ரகர லகரத்துக்கோ மரபு உண்டு, அதுதான் இன்னும் ஆபத்து. பந்தல் பந்தர், சாம்பல் சாம்பர் என்று போலிக்கு எடுத்துக்காட்டுச் சொல்லியே பழகிய நாங்கள், எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவோம்.

காரணம் கண்டுபிடித்தும் விட்டிருந்தோம். அந்த வைத்தியச் சுவடியின் தட்டச்சுப் பாடத்தில் ஓரிடத்தில் 'சூலைவேர்' என்று இருந்தது. சூலை நோயைத் தீர்க்கும் வேர் போலும், வட்டார வழக்கு என்று குறிப்பெழுதக் கருதியிருந்தோம். பழைய பென்டிரைவில் அதே கோப்பின் முந்தைய படி ஒன்று அகப்பட்டது. அதில் 'சூரைவேர்'. சூரை முட்செடி, எல்லோரும் அறிந்தது. கோப்பில் அந்த ரகரத்தின் மூன்றாம் பைட்டின் இடத்தை மாணவர் 4,096-ஆல் வகுத்தார். மீதி 1,693. சுவடிக்கு உரிய வீட்டுக்குப் போய் ஏட்டையும் பார்த்தேன். ரகரம் தெளிவாக இருந்தது. வைத்தியரின் பேரன், "ஏன் சார், புஸ்தகத்துல வேற மாதிரி போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். இன்னும் போடவில்லை என்றேன்.

இரண்டாம் படி இல்லாத பாடங்கள் ஏறத்தாழ 900 கிலோபைட் இருந்தன. 4,096-க்கு ஒன்றாக 225 இடங்கள். அவற்றுள் மூன்றாம் பைட்டாகவும், மேற்சொன்ன பட்டியலின்படி வேறோர் எழுத்திலிருந்து திரிந்திருக்கக் கூடியதாகவும் உள்ளவை 11 மட்டுமே. "வாய்ப்பு ரொம்பக் குறைவுங்க ஐயா, ஒண்ணு மாறினதே அதிசயம்" என்றார் மாணவர். அவர் கணக்கு சரிதான். ஆனால் பதிப்புக்கு வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. அந்த எழுத்து ரகரமா லகரமா என்பதுதான் உண்டு. பதினொன்றையும் பட்டியலிட்டு வாங்கிக்கொண்டேன்.

பத்தை ஏட்டுப் படங்களோடு ஒப்பிட்டாயிற்று. பத்தும் சரியாகவே இருந்தன. பதினோராவது 'உடல்பலமாம்' என்ற இடம். ஸ்கேனர் வருவதற்கு முன் ஏட்டை நேரே பார்த்துத் தட்டச்சிட்ட பகுதி அது. படம் எடுப்பதற்குள் ஏட்டின் வலது ஓரம் உதிர்ந்துவிட்டது. அந்த எழுத்து இருந்த இடத்தில் இப்போது ஓலை இல்லை. பகரம் நகரத்திலிருந்து வந்திருந்தால் மூலம் 'உடல்நலமாம்'. இரண்டும் பொருந்துகின்றன. எதுகை உதவவில்லை, இரண்டாம் எழுத்து இரண்டிலும் லகரமே. அடியின் நடுவில் இருப்பதால் மோனையும் உதவவில்லை. தட்டச்சிட்ட மாணவிக்குத் திருமணமாகி வெளியூர் போய்விட்டார். தொலைபேசியில் கேட்டேன், நினைவில்லை என்றார்.

பாடம் 'பலமாம்' என்றே அச்சாகிறது. அடிக்குறிப்பில் 'நலமாம் எனவும் இருந்திருக்கலாம்' என்று சேர்த்திருக்கிறேன். பாடபேதக் குறியீடுகளில் எந்தச் சுவடி என்பதைக் காட்டும் எழுத்தை அந்தக் குறிப்பின் பின் இடவேண்டும். எதை இடுவது என்று அச்சகத்தார் கேட்டிருக்கிறார்கள்.